குங்குமம் வைத்த மதர்போர்டு

கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை நான் கரும்பலகையில்தான் படித்தேன். சாக்பீஸில் வரைந்த மதர்போர்டு, சாக்பீஸில் வரைந்த ஹார்டு டிஸ்க், சாக்பீஸில் வரைந்த ஒயர். அந்த ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று காட்ட எங்கள் சார் ஒரு அம்புக்குறி போடுவார். பசித்தவனுக்கு இலையைப் பலகையில் வரைந்து, இது சோறு, இது குழம்பு, இப்படிப் பிசைய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது போலிருக்கும். எண்பதுகளின் கடைசியில் பாண்டிச்சேரியில் நாங்கள் அப்படித்தான் ஹார்டுவேர் டெக்னீசியன் ஆகப் படித்தோம்.

இன்ஸ்டிட்யூட் மிஷன் வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஏ.சி., ரோஸ் நிறத் திரை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போகிற உரிமையும் சாஃப்ட்வேர் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற காலேஜ் பிள்ளைகள். ஹார்டுவேர் படிக்கிற எங்களுக்கு வெளிக்கூடம், கிறீச்சென்று சுற்றும் ஃபேன், மடக்கு நாற்காலி. பெட்டியைப் பிரித்துப் பழக வேண்டியவர்கள் நாங்கள். பெட்டியைத் தொடக் கூடாதவர்களும் நாங்கள்தான். இது என்ன நியாயம் என்று யாராவது எனக்கு விளக்குவார்கள் என்று இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன்.

இதை நடத்தியவரை நாங்கள் டைரக்டர் என்போம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா, அதனால் ஊரில் அவர்கள் வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். மாடிப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பியூன் அவரை முசே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும்தான் கூப்பிடுவார். டைரக்டர் சஃபாரி சூட் போடுவார், நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் பக்தி இருந்தது. கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாது. காலையில் வந்ததும் கண்ணாடி அறைக் கதவில் ஊதுவத்தி காட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார்.

நான் அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அப்பா மில்லில் தறி ஓட்டியவர். ஆளைக் குறைத்து அனுப்பியபோது மில் கொடுத்த பணம் என்னுடைய படிப்புக்குப் போனது. அதன்பின் அவர் ஒரு சினிமா கொட்டகை பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இந்தப் படிப்பில் ஒரு துளியும் நம்பிக்கை கிடையாது. "பொம்பளப் புள்ள ஸ்க்ரூடிரைவர வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போவுது?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். படிப்பு முடிந்ததும் எனக்கு வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் தவளக்குப்பத்தில் அம்மா வழிச் சொந்தத்துக்கு என்னைக் கொடுத்துவிடுவது. அந்த வீடு ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்தது. கடைக்குள் நுழைந்து, மூட்டைகளைத் தாண்டி, இருட்டான சமையலறைக்குப் போக வேண்டும். நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தச் சமையலறை நினைவுக்கு வரும்போதெல்லாம் நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பேன்.

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கனெக்டர் பாடம் எடுத்த அன்றைக்கு அதற்கான தண்டனை கிடைத்தது. எங்கள் சார் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த இளைஞர், மெட்ராஸில் இரண்டு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பலகையில் கனெக்டர்களை வரைந்தார். கீபோர்டுக்கு வட்டமாக ஐந்து ஊசி. பிரிண்டருக்கு இருபத்தைந்து துளை. மோடமோ மௌஸோ மாட்டுகிற இடத்தில் ஒன்பது ஊசி. "ஊசி நீட்டிக்கிட்டு இருந்தா மேல், துளையா இருந்தா ஃபீமேல்" என்றார். பின்வரிசையில் ஒருவன் கனைத்தான், இன்னொருவன் இருமினான், பிறகு மொத்த வகுப்பும் சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அவர் கேள்வி கேட்டபோது நானே எழுந்து நின்றேன். பிரிண்டர் போர்ட்டா, இருபத்தைந்து துளை, ஃபீமேல். சீரியல் போர்ட்டா, ஒன்பது ஊசி, மேல் என்று சந்தைக்கடையில் கூவுகிற மாதிரி உரக்கச் சொன்னேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று நின்றேன். ஒரு வாரம் போனதும் சிரிப்பு தானாக அடங்கிப்போனது. ஆனால் அதன்பிறகு அவர்கள் யாரும் என்னிடம் சகஜமாகப் பேசவும் இல்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திமிரோ என்னவோ, பாடம் மட்டும் எனக்கு ஏறியது. தட்டை ஒயர் ஒன்று டிஸ்கிலிருந்து வரும். அதன் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு முதல் ஊசி இருக்கிற பக்கம் போக வேண்டும். மெமரிச் சில்லுகளின் தலையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது மதர்போர்டில் உள்ள வெட்டோடு பொருந்த வேண்டும். கரண்ட் கொடுக்கிற தகரப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு வெள்ளைப் பிளக்குகள் வரும். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், எதை எங்கே சொருகினாலும் உட்கார்ந்துவிடும். மாற்றிச் சொருகிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் போர்டு காலி. அதற்கு சார் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். இரண்டு பிளக்கிலும் ஓரத்தில் கறுப்பு ஒயர்கள் இருக்கும். சொருகி முடித்ததும் கறுப்பு எல்லாம் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். "கறுப்பும் கறுப்பும் சேரணும்" என்று எங்களைக் கோரஸாகச் சொல்ல வைத்தார். எதையும் கண்ணால் பார்க்காமலே நாங்கள் கோரஸாகச் சொன்னோம்.

புரட்டாசி மாதத்தில் ஒரு செய்தி வந்தது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தொடங்கியிருந்தது. எங்கள் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஆட்களை அனுப்பினால் டெஸ்ட் வைத்து எடுத்துக்கொள்வார்களாம். ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுப்பார்களாம். அதைச் சேர்த்து ஓட வைக்க வேண்டுமாம். பையன்கள் குதித்தார்கள். நான் அதுவரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியதில்லை.

டைரக்டர் அறைக்குப் போய், ஒரே ஒரு முறை மெஷினைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டேன்.

"தொறந்தா வாரண்டி போயிடும்மா" என்றார்.

"டெஸ்ட்டுல தொறக்கச் சொல்லுவாங்களே சார்?"

"அது அவங்க மெஷின். இது நம்ம மெஷின்."

திரும்பி வந்து நோட்டில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர், ஆயுத பூஜைக்கு முதல் நாள் தானாகவே மெஷினைத் திறக்கச் சொன்னார். காரணம் சாமி. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர், சுத்தியல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பொட்டு வைக்கிறார்கள். பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிற சாமான்களுக்குப் பூஜை எப்படிப் போய்ச் சேரும்? அவருக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஹார்டுவேர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஹார்டுவேருக்குப் பூஜை இல்லையென்றால் எப்படி? அதோடு பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் பெற்றோர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் மெஷினைச் சேர்த்து, நல்ல நேரத்தில் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினால் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பேர். நாங்கள் கேட்டபோது போய்விடும் என்றிருந்த வாரண்டி, சாமி கேட்டபோது போகவில்லை.

பூஜையன்று காலையில் பையன்கள் ஸ்க்ரூடிரைவரோடு கண்ணாடி அறைக்குள் போனார்கள். நானும் பின்னால் போனேன்.

"நீ எங்க வர்ற? கோலம் யாரு போடுவா?" என்றார் சார்.

"ஒரு ஸ்க்ரூ மட்டும் கழட்டிட்டுப் போயி போடுறேன் சார்."

"கோலத்தப் போட்டுட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

கோலத்தைப் போட்டுவிட்டு வருவதற்குள் எல்லாம் கழன்று, ஒரு பட்டுத் துணியின் மேல் வரிசையாக இருந்தன. அப்போது மதாம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் கொடுத்து, பொட்டு வைக்கச் சொன்னார். அதற்கு மட்டும் பெண் கை வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக அவற்றைத் தொட்டேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஹார்டு டிஸ்க் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. அரைச் செங்கல்லைத் தூக்கின மாதிரி இருந்தது. மதர்போர்டு அவ்வளவு லேசாக இருந்தது. கார்டுகளின் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருந்தது. தட்டை ஒயரின் சிவப்பு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இத்தனை நாள் வாயால் சொன்னதெல்லாம் அங்கே பொருளாகக் கிடந்தது. அந்த ஒரு நாழிகை நான் சந்தோஷமாக இருந்தேன்.

பொட்டை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மில்லில் ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைப்பதைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். இரும்புச் சட்டத்தில்தான் வைப்பார்கள், நூல் ஓடுகிற இடத்தில் வைக்கவே மாட்டார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தகரப் பெட்டியின் முதுகில், டிரைவுகளின் இரும்பு மேல், மதர்போர்டில் ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்து மூலையில் மட்டும் சின்னதாக வைத்தேன். ஆனால் பூஜை நடந்தபோது டைரக்டர் அர்ச்சனை என்று குங்குமத்தைக் கை நிறைய அள்ளி எல்லாவற்றின் மேலும் தூவினார். தேங்காய் உடைத்த தண்ணீர் படாமல் போனதே பெரிய விஷயம். அவர் தூவியதை எல்லோரும்தான் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்பதால் எல்லாம் அப்படியே இரவு முழுக்கக் கிடந்தன. விஜயதசமி காலையில் நல்ல நேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும் என்று அவசரம். என்னைப் படிக்கட்டில் பன்னீர்ச் சொம்போடும் கல்கண்டுத் தட்டோடும் நிற்க வைத்தார்கள். வருகிற பெற்றோர்களை வரவேற்க வேண்டுமாம். "நான் உள்ள வர்றேன் சார், ஒரு கார்டாவது மாட்டுறேன்" என்று கேட்டதற்கு, "உன்னாட்டம் நிக்கிறதுக்கு வேற ஆளு இல்லம்மா" என்று டைரக்டர் பாராட்டின மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

மேலே கைதட்டல் கேட்டது. பிறகு படீரென்று ஒரு சத்தம். பிறகு ரப்பரும் பிசினும் சேர்ந்து கருகின நாற்றம் படிக்கட்டு வரை வந்தது. நான் தட்டோடு மேலே ஓடினேன்.

கண்ணாடி அறை நிறையப் பெற்றோர்கள். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. டைரக்டர் முகம் வெளுத்திருந்தது. சார் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"குங்குமம் சார். போர்டு மேலல்லாம் குங்குமம் கொட்டியிருக்கு. ஷார்ட் ஆயிடுச்சு."

"யாரு வச்சது குங்குமம்?" என்றார் டைரக்டர்.

கை நிறைய அள்ளித் தூவியவர்தான் கேட்டார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் நான் கல்கண்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

யாராவது ஒருவர் சொல்வார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மதாம் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்துவது போல் பாவனை செய்தாரே தவிர, தாழ்த்தவில்லை. "ஏம்மா, நீ நேத்து தூரமா இருந்தியா? தூரத்தோடயா சாமி சாமானத் தொட்ட?" என்று கேட்டார்.

என்னோடு படிக்கிற பையன்கள், சார், பியூன், அறிமுகமே இல்லாத அப்பா அம்மாக்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். கறுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் என்னுடைய நாள் கணக்கைப் பார்த்தா கரண்டை விடுகிறது? அப்படிக் கேட்டிருக்க வேண்டும். நான் "இல்ல மதாம்" என்று சொன்னேன். பதில் சொன்னதற்காகவே என் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அந்தப் பதிலையும் அவர் நம்பவில்லை. ஒரு அம்மா தன் பெண்ணை என் பக்கத்திலிருந்து தள்ளி நிற்க வைத்தாள்.

மதியம் டைரக்டர் கூப்பிட்டுச் சொன்னார். போர்டு மெட்ராஸிலிருந்து வர வேண்டும், அதுவரை எல்லா வகுப்பும் நின்றுவிட்டது, நான் இனிமேல் சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம், கம்பெனி டெஸ்ட்டுக்கும் என்னை அனுப்பப் போவதில்லை. "கெட்ட பேரு எனக்குத்தான வரும்?" என்றார். எனக்கு வந்த பேரைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, சர்ட்டிபிகேட் விஷயமாகப் பியூனைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். என்னோடு படித்தவர்களில் ஒருவன், கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ் பையன், ஸ்கூட்டரை ஓரங்கட்டினான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குங்குமம்லாம் இல்ல. பிளக்க மாத்திச் சொருகிட்டாங்க. கறுப்பு ரெண்டு பக்கமும் வெளிய போயிருந்திச்சு."

"யாரு சொருகினது?"

"சார்தான். நல்ல நேரம் முடியப் போவுதுன்னு டைரக்டர் கத்திக்கிட்டே இருந்தாரு. சார் பதறிட்டாரு. வெடிச்சப்புறம்தான் நாங்க பாத்தோம். யார்கிட்டயும் சொல்லாதீங்கடான்னு கையப் புடிச்சிக்கிட்டாரு."

"நீங்க சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அவரு வேல போயிடும். டைரக்டர் எங்க பேரையும் டெஸ்ட்டுக்கு அனுப்ப மாட்டாரு." கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் திருகிக்கொண்டிருந்தான். "ஒங்ககிட்டயாவது சொல்லிடணும்னு தோணுச்சு."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் பண்ணலன்னு எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே" என்றேன்.

அவன் எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். மனசு லேசாகியிருக்கும். அவன் கொட்டிவிட்டுப் போனதை நான் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீட்டு என்று கேட்டதை மட்டும் சொல்லக் கூசியது. ஆனால் அது ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்கு வராத செய்தி எது? அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்தே, தவளக்குப்பத்துக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு நான் போயி முசேயப் பாக்குறேன்" என்றார் அப்பா.

"பிளக்க மாத்தினது யாருன்னு சொல்லிடுங்கப்பா."

"உண்மைய வச்சிக்கிட்டு இன்னாம்மா பண்ணுவ? ஒம்பேரு கம்பெனிக்குப் போவணும். அத மட்டும் பாரு."

அப்பா மில்லில் சங்கத்து ஆள். கேட் கூட்டத்தில் மேனேஜரைப் பேர் சொல்லித் திட்டி, ஒரு மாதம் சஸ்பெண்டில் இருந்தவர். அவர் போனால் ஒரு பிடி பிடித்துவிடுவார் என்று உள்ளூர நம்பிக்கொண்டு, நானும் கூடப் போனேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பியூன் உள்ளே போய், "முசே, அந்தப் பொண்ணோட அப்பா வந்துகீறாரு" என்றார். டைரக்டர் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. கையைக் கூப்பினார்.

"சின்னப் பொண்ணு முசே. புத்தியில்லாம தீட்டோட தொட்டுடுச்சு. நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து அப்பா அந்தப் பேச்சு வருகிற பக்கமே வரமாட்டார். அந்த நாட்களில் நான் கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தால், பார்க்காதது போல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காக, நான் செய்யாத ஒன்றுக்காக, நடக்காத ஒன்றுக்காக அதைச் சொன்னார். நான் தரையில் இருந்த மொசைக் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து நாற்காலியில் எங்கள் சார் உட்கார்ந்திருந்தார். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் இறங்கி வந்தார். "விடுங்க. அய்யர வச்சிப் பரிகாரம் பண்ணியாச்சு. நம்ம பொண்ணுதான. பேர அனுப்பிடுறேன்" என்றார். அப்பா இன்னொரு தடவை கும்பிட்டார்.

திரும்பும்போது அப்பா சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நடந்தேன். அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆற்றுப் பாலத்தில் கடலூர் பஸ்கள் எங்களை உரசிக்கொண்டு போயின. பாதிப் பாலத்தில், "என்னத் திட்டணும்னா திட்டிடும்மா" என்றார். திட்ட வேண்டியவர்களோ மிஷன் வீதியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த டெஸ்ட்டுக்கு நான் படித்த மாதிரி வேறு எதற்கும் படித்ததில்லை. அட்டைப் பெட்டியை வெட்டி மதர்போர்டு செய்தேன். எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, எந்த ஊசியில் எந்த ஒயர், எந்த ஸ்க்ரூ நீளம், எந்த ஸ்க்ரூ குட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் பழகினேன். பொட்டு வைத்தபோது தொட்டுப் பார்த்த கனமும் மழமழப்பும் விரலில் இருந்தன. ஓட வைத்துக் காட்டினால் போதும், அப்பா சொன்ன வார்த்தைக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் சமையலறைகூட அப்போது இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது.

தட்டாஞ்சாவடியில் அந்தக் கம்பெனி தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். உள்ளே போனால் ஏ.சி. குளிர், வெள்ளைக் கோட்டுகள், நீள மேஜைகள். மேஜை மேல் பிரித்துப் போட்ட பெட்டிகள் தயாராக இருந்தன. எங்கள் வகுப்புப் பையன்கள் போய் ஆளுக்கு ஒரு பெட்டி முன்னால் நின்றார்கள். நானும் ஒரு பெட்டி முன்னால் போய் நின்றேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

"லேடீஸ்லாம் இந்தப் பக்கம்மா" என்று ஒரு அதிகாரி கூப்பிட்டார்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். டைப்ரைட்டிங் படித்தவர்கள், தையல் வேலைக்குப் போனவர்கள், எறா உரிக்கிற கம்பெனி வேலையை விட்டு நின்றவர்கள். கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள் ஒருத்தி. வரிசை நகர்ந்தது. என் முறை வந்தபோது அதிகாரி, "கையக் காட்டும்மா" என்றார்.

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன். விரல்களைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். கை வேர்க்குமா என்று கேட்டார். கண்ணாடி போடுவதுண்டா, கல்யாணம் எப்போது என்று கேட்டார்.

"சார், நான் ஹார்டுவேர் படிச்சிருக்கேன். முழுசாப் பிரிச்சிச் சேக்கத் தெரியும். அவங்களுக்கு வைக்கிற டெஸ்ட்ட எனக்கும் வைங்க."

அவர் கெட்டவர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அதுலாம் டெக்னீசியன் போஸ்ட்டும்மா. லேடீஸுக்கு லைன் வேலதான். நாள் பூரா ஒரே ஒயர ஒரே எடத்துல மாட்டப் போற. அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு? வெரல் மெலிசா இருக்கு, போதும். நீ செலக்ட்டு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் பையனுடைய மெஷின் ஓடத் தொடங்கியது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். என்னுடைய பெட்டி, நான் முன்னால் நின்ற அந்தப் பெட்டி, யாரும் தொடாமல் அப்படியே பிரித்தபடி கிடந்தது. திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னார்கள்.

அப்பா சைக்கிள் ஸ்டாண்டை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் வந்து காத்திருந்தார். அதே தேய்த்த வெள்ளைச் சட்டை. நான் இறங்குவதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பஸ் கூடவே நடந்து வந்தார்.

"கெடச்சிடுச்சுப்பா" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "டெஸ்ட்டுல இன்னாம்மா கேட்டாங்க?" என்றார்.

"எல்லாம் கேட்டாங்கப்பா. நீங்க போயி பேசலன்னா என்ன உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. எல்லாத்தையும் நானே சேத்து, ஓட வச்சிக் காட்டுனேன்."

அப்பா எந்த ஒயரை எங்கே மாட்டினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். வீடு வந்து சேரும்வரை நான் சொல்லிக்கொண்டே நடந்தேன்.